ஓவர்டைம் கணக்கு

எட்ரியன்: ...அதான் மலரு, இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு பாக்கறேன்.

மலர்: இரு, உள்ள சத்தம் வருது... டேய் குகன், பெரட்டு முடிஞ்சா பேச்சும் முடிஞ்சிச்சு. டீய குடிச்சிட்டு கணக்க எடு. கை சூடா இருக்கறப்பவே போட்டுரு... ஆங், என்னமோ நிறுத்தணும்னியே. லோரியவா?

எட்ரியன்: வனஸ்ஸாவ. உன் வீட்டுப்பாடக் கிளாஸுக்கு அனுப்பறத.

மலர்: சொல்றதுக்கு என்னா இருக்கு. உங்க புள்ள. நீங்க அனுப்புனீங்க, நீங்க நிறுத்தறீங்க.

எட்ரியன்: வந்துருச்சு பாரு 'நீங்க'. கோவம் வந்தா மட்டும் மரியாத குடுப்ப. ஸ்டாண்டர்ட் ஒன்னுல இருந்து இதே வேலதான் உனக்கு.

மலர்: மெதுவா பேசுங்க. புள்ளைங்க காதுல விழும்.

எட்ரியன்: கோவமா?

மலர்: கோவம் எதுக்கு லா. காரணத்த சொல்லிட்டு நிறுத்துனா நல்லா இருக்கும். நாளைக்கு மத்த அம்மாமாருங்க கேப்பாங்க, டீச்சர் அடிச்சிட்டாங்களான்னு.

எட்ரியன்: நீ அடிச்சிட்டாலும். கரப்பான்பூச்சிய வெரட்டவே ஆள் கூப்புடற ஆளு.

மலர்: பேச்ச மாத்தாத.

எட்ரியன்: இல்ல... ஈப்போல அவ பெரியம்மா இருக்காங்க. ஜெசியோட அக்கா. தாய் இல்லாத புள்ளைய நான் வச்சுப் படிக்க வைக்கறேன்றாங்க. அடுத்த வருசம் ஸ்டாண்டர்ட் சிக்ஸ் இல்லையா. அங்க வீட்டுக்குப் பக்கத்துலயே பெரிய டியூசன் சென்டராம். ஏர்கோன் ரூமு.

மலர்: இந்தக் குளுருல பொறந்த புள்ளைய கொண்டுபோயி ஏர்கோன்ல வைக்கப் போறியா.

எட்ரியன்: சிரிக்காத. நெசமாத்தான்.

மலர்: சிரிக்கல. பெரியம்மா என்னா வேல பாக்கறாங்க?

எட்ரியன்: யாரு?

மலர்: பெரியம்மாதான்.

எட்ரியன்: ...பேங்க்ல.

மலர்: ம்.

எட்ரியன்: ரிட்டையர் ஆயிட்டாங்க இப்ப.

மலர்: நல்ல மனுசிதான் போல. உன் கல்யாணத்துக்கு வந்திருந்தா பாத்திருப்பேன்.

எட்ரியன்: ஏன் வரல நீ?

மலர்: காய்ச்சல்.

எட்ரியன்: அப்பயும் இதையேதான் சொல்லி அனுப்புன.

மலர்: காய்ச்சலுக்கு வேற பேரு இருந்தா சொல்லு, அடுத்தவாட்டி அதச் சொல்லி அனுப்பறேன்... உமா, ரப்பர் கேட்டா குடுத்துட்டு உன் வேலையப் பாரு. அவன் நெரையில நீ கை வைக்காத.

எட்ரியன்: நெரை. இன்னும் அதே தேயிலக் காட்டுப் பேச்சு.

மலர்: வேற என்னா பேச்சு பேசச் சொல்ற. சரி, எங் கிளாஸுல என்னா கொற? அதச் சொல்லு மொதல்ல.

எட்ரியன்: சொன்னா மூஞ்சிய தூக்கி வச்சுக்குவ.

மலர்: தூக்கல, சொல்லு.

எட்ரியன்: நேரம் ஆவுது மலரு. எல்லாப் புள்ளைங்களும் அஞ்சரைக்கெல்லாம் பைய மாட்டிக்கிட்டு ஓடுது. எம் புள்ள மட்டும் மலையில பனி எறங்கற வரைக்கும் உக்காந்திருக்கு. நான் கோலா தெர்லா போயி காய் ஏத்தணும். கோஸ் வெட்டி வச்சிட்டு மொதலாளி தவுக்கே ஃபோன் மேல ஃபோன் அடிக்கறான். அந்த டியூசன்ல ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் ஹாபிஸ் பண்ணி முடிச்சு விட்டுருவாங்களாம்.

மலர்: அப்ப எங் கிளாஸுல வேல ஓடல. அப்படித்தானே.

எட்ரியன்: நான் அப்படிச் சொல்லல...

மலர்: வேற எப்படிச் சொன்ன. இங்க வா. ஜன்னல் வழியா பாரு. யாராச்சும் சும்மா உக்காந்திருக்காங்களா?

எட்ரியன்: இல்ல.

மலர்: ஃபோன் எங்க இருக்கு?

எட்ரியன்: கூடையில... அட, கொழுந்துக் கூட. எங்க புடிச்ச இத?

மலர்: ஸ்டோர்ல கெடந்திச்சு. இப்பதான் மிசின்ல வெட்டறாங்களே, யாருக்கு வேணும். நாலு மணிக்கு வந்து ஃபோன அதுல போடணும். அப்புறம் பெரட்டு. என்னென்ன வீட்டுப்பாடம்னு ஆளாளுக்கு எந்திரிச்சு சத்தமா சொல்லணும். வாயால சொல்லிட்டா மறைக்க முடியாது. அப்புறம் சுடச்சுட டீ. கோப்பைய ரெண்டு கையிலயும் புடிச்சு சூடேத்திக்கிட்டு மொதல்ல கணக்கு. வெரலு வெறைச்சுப் போனா எழுத்து கோணும். அதனால வாசிக்கறது கடைசியில...

எட்ரியன்: "வாசிக்கறதுக்கு கை வேணாம்டா, கண்ணு போதும்."

மலர்: ஞாபகம் இருக்கா?

எட்ரியன்: இல்லாமலா. ஞானசுந்தரம் சார் கொரலே கேக்குது எனக்கு. அப்ப கைக்கொழந்தைங்கள விட்டுட்டுப் போன இந்த ஆயாக்கொட்டாய்ல அந்த மூலையில நிப்பாரு. காக்கி கால்சட்ட, தலையில கம்பளித் தொப்பி, காதுல பென்சிலு. காட்டுல கொழுந்து நிறுத்து முடிச்சிட்டு நேரா நம்மகிட்ட வந்துருவாரு.

மலர்: கொழுந்துக் கணக்கு எழுதற கிராணி வேலையும் வாத்தியார் வேலையும் அவருக்கு ஒன்னுதான். அங்க ஆத்தாமாருங்க, இங்க புள்ளைங்க. ஆத்தாளுக்கும் பெரட்டு, மகளுக்கும் பெரட்டு.

எட்ரியன்: ஆளுக்கொரு வெறகு கொண்டாரணும் இல்ல அப்ப. அடுப்புக்கு.

மலர்: நீ ஒருநாளும் கொண்டாந்ததில்ல.

எட்ரியன்: உன் வெறகு ரெண்டா ஒடையும். அதான் கொண்டாரல.

மலர்: நான் ஒடைச்சுக் குடுத்தேன், அதனால ஒடஞ்சிச்சு. தேயில வேரு... அது லேசுல ஒடையாது தெரியுமா. கால வச்சு மிதிச்சு மிதிச்சு ஒடைப்பேன்.

எட்ரியன்: அந்தப் பொகை வாசம். பேக்டரியில தேயில வாட்டற வாசம் வேற. புத்தகத்த தொறந்தாலே டீ மணக்கும். கோலாலம்பூர்ல லோரி ஓட்டிக்கிட்டு இருந்தப்ப ஒரு கடையில டீத்தூள் பைய பிரிச்சாங்க மலரு... அப்படியே நின்னுட்டேன். கடைக்காரன் என்னா அண்ணே, மயக்கமான்றான். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வாயில வருது.

மலர்: ஏழாம் வாய்ப்பாடு உனக்கு என்னைக்கும் முழுசா வந்ததில்ல.

எட்ரியன்: அன்னைக்கு வந்திச்சு லா.

மலர்: எனக்கு மழைதான் ஞாபகம். தகரத்துல மழ விழுந்தா சார் கத்துறது கேக்காது. பனி ஜன்னல் வழியா உள்ள வந்துரும். பலகையே தெரியாது. ஆனா யாரும் எந்திரிச்சு ஓட மாட்டோம். கடைசியில நிறுவ இருக்கே.

எட்ரியன்: நிறுவ. கொழுந்து நிறுக்கற மாதிரி வரிசையா நோட்டுப் புத்தகத்த ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நிக்கணும். பாத்து எழுதுனது ஒன்னு இருந்தாப் போதும்...

மலர்: "இது முத்தல். கூடையில இருந்து எடு."

எட்ரியன்: எத்தன முத்தல் எடுத்திருப்பேன்.

மலர்: உன் கூடையில கொழுந்தே இருந்ததில்ல, எல்லாமே என் நெரையில இருந்து திருடுனது... நிறுவன்னு சொன்னதும்தான் நெனப்பு வருது. தானா ராத்தா மலாய் ஸ்கூல்ல ரிமூவ் கிளாஸு சேந்தோமே, மொத வாரம்...

எட்ரியன்: வேணாம். அதச் சொன்னா நீ அழுவ.

மலர்: இப்ப அழ மாட்டேன். கணக்க முடிச்சிட்டு சிக்குகிட்ட, அதான் வாத்தியார்கிட்ட, காட்டணும். எனக்கு காட்டறதுக்கு மலாய்ல என்னான்னு தெரியல. நமக்குத் தெரிஞ்சதெல்லாம் நிறுவதானே. நேராப் போயி புத்தகத்த ஏந்திக்கிட்டு நின்னு, "சிக்கு, தோலோங் திம்பாங்"னுட்டேன்.

எட்ரியன்: நிறுத்துக் குடுங்க சிக்குன்னு.

மலர்: கிளாஸே உருண்டு உருண்டு சிரிச்சிச்சு. நல்ல மனுசன் அவரு, புத்தகத்த உள்ளங்கையில வச்சு ஏத்தி எறக்கிப் பாத்துட்டு, "ஹம்பிர் சத்து கீலோ"ன்னாரு, கிட்டத்தட்ட ஒரு கிலோவாம். அதுக்கும் ஒரு சிரிப்பு. எனக்கு அப்படியே தரை பொளந்து உள்ள போயிறலாமான்னு இருந்திச்சு.

எட்ரியன்: மூக்கு செவந்து போயி வந்து உக்காந்த.

மலர்: அடுத்தது நீ. எந்திரிச்சுப் போயி நீயும் அதையே சொன்ன. "சிக்கு, தோலோங் திம்பாங்." என்னைய விட்டுட்டு உன்னப் பாத்து சிரிக்க ஆரம்பிச்சாங்க. வருசம் முழுக்க உனக்கு திம்பாங்னு பேரு. எட்ரியன்னு ஒருத்தரும் கூப்புடல.

எட்ரியன்: கூப்புட்டுட்டுப் போறாங்க.

மலர்: பாவம், இவனுக்கும் வேற வார்த்த தெரியல போலன்னு நெனச்சேன். எஸ்டேட்ட விட்டுத் தாண்டாத ரெண்டு மக்குன்னு.

எட்ரியன்: செமாக்.

மலர்: என்னா?

எட்ரியன்: திருத்திக் குடுங்கன்றதுக்கு செமாக்னு சொல்லணும். எங்கப்பா லோரி டிரைவரு மலரு. பாசார்ல மலாய் பேசிட்டு வந்து வீட்டுலயும் மலாய்தான். எனக்கு அந்த வார்த்த அப்பவே தெரியும்.

மலர்: தெரிஞ்சா... அப்புறம் ஏன்...

எட்ரியன்: நீ ஒத்தையில நின்ன.

மலர்: ...

எட்ரியன்: பாத்தியா, அழுவன்னு சொன்னேன்.

மலர்: பனி. கண்ணுல பனி. இத்தன வருசமா ஏன் இதச் சொல்லல நீ?

எட்ரியன்: நீ கேக்கல.

மலர்: கேக்கறதுக்கு நீ எங்க இருந்த. படிவம் அஞ்சு முடிச்ச கையோட கோலாலம்பூர் லோரியில ஏறிட்ட.

எட்ரியன்: உங்கப்பா மாரியம்மன் கோயில் தலைவரு. எங்கப்பா சர்ச்சுல மொத பெஞ்சு. நான் இருந்து என்னா செஞ்சிருக்க முடியும். ஏறிட்டேன்.

மலர்: சொல்லிட்டாச்சும் ஏறியிருக்கலாம்... சரி விடு, நிறுவ நேரம் ஆச்சு. புள்ளைங்களா, வாங்க வரிசையா. உமா, நல்லா இருக்கு, போ. பாதையோரமாப் போ, அப்பா வந்து நிக்கறாரு. குகன்... இது என்னா? அஞ்சு கணக்கும் உமாவோட எழுத்து மாதிரியே இருக்கே. சிரிக்காத. முத்தல். எடு கூடையில இருந்து. நாளைக்கு நீயாப் போட்டுக் கொண்டா, தப்பா இருந்தாலும் பரவால்ல. ஃபோன எடுத்துக்க. ம், ஓடு.

எட்ரியன்: சார் மாதிரியே இருக்கு.

மலர்: சாருக்கு மீச இருந்திச்சு.

வனஸ்ஸா: டீச்சர், நானு?

மலர்: நீ... நீ உள்ள உக்காரு கண்ணு.

வனஸ்ஸா: இன்னிக்கும் ஓவர்டைமா?

எட்ரியன்: என்னா ஓவர்டைமு?

மலர்: ஒன்னும் இல்ல. சும்மா ஒரு பேச்சுக்கு...

வனஸ்ஸா: கணக்கு பப்பா. வீட்டுப்பாடம் எனக்குத்தான் டெய்லி மொதல்ல முடியும். முடிஞ்சதும் டீச்சர் ஓவர்டைம் கணக்கு எழுதிக் குடுப்பாங்க. பெரிய பெரிய பெருக்கலா. அதான் லேட்டாவுது.

எட்ரியன்: எல்லாருக்கும் குடுப்பாங்களா?

வனஸ்ஸா: இல்லல்ல. எனக்கு மட்டுந்தான்.

எட்ரியன்: ...மலரு.

மலர்: கெட்டிக்காரப் புள்ள. வெரசா முடிச்சிட்டு சும்மா உக்காந்திருந்தா மத்ததுங்களக் கெடுக்கும்னு...

எட்ரியன்: உமாவும் கெட்டிக்காரிதானே. அவளுக்கு இல்ல?

மலர்: அவளுக்கு... அவங்கப்பா வந்து நிப்பாரு.

எட்ரியன்: நான் அஞ்சு மணிக்கே வந்து நிக்கறேன். அங்க காய் ஏத்தணும்னு தவிச்சுக்கிட்டு நிக்கறேன், நீ எம் புள்ளைக்கு ஓவர்டைம் குடுத்து...

வனஸ்ஸா: பப்பாதானே என்னைய மெதுவா செய்யச் சொன்னீங்க.

மலர்: என்னாது?

எட்ரியன்: வனஸ்ஸா, உள்ள போ.

மலர்: நீ நில்லு கண்ணு. பப்பா என்னா சொன்னாரு?

வனஸ்ஸா: "அவசரப்படாத பாப்பா. யோசிச்சு யோசிச்சு செய். பப்பாவுக்கு லோரியில வேல இருக்கு"ன்னு. ஆனா லோரி அங்க இருக்கு டீச்சர். பப்பா இங்க படியில உக்காந்து உங்ககூடதான் பேசிக்கிட்டு இருப்பாரு.

எட்ரியன்: உள்ள போ லா நீ.

வனஸ்ஸா: அப்ப கணக்கு?

மலர்: நேத்து போட்டதையே திரும்பப் போடு.

வனஸ்ஸா: அது சரியாத்தானே இருந்திச்சு...

மலர்: இன்னொருவாட்டி சரியாப் போடு. போ கண்ணு... இப்ப நீ சொல்லு, லோரியில என்னா வேல?

எட்ரியன்: கயிறு கட்டணும்.

மலர்: காய் ஏத்தறதுக்கு முன்னாலயா?

எட்ரியன்: சிரி. நல்லா சிரி. நீ மட்டும் என்னா. பச்சப் புள்ளைய உக்கார வச்சு பெருக்க விட்டிருக்க.

மலர்: பெருக்கல் நல்லா வந்துருச்சு அவளுக்கு. உன் ஏழாம் வாய்ப்பாடு மாதிரி இல்ல.

எட்ரியன்: எதுக்கு மலரு?

மலர்: எதுக்குன்னா... நாலு மணிக்கு புள்ளைங்க வருதுங்க. சத்தம், சண்ட, டீ, கணக்கு. நேரம் போறது தெரியாது. அஞ்சு மணிக்கு அந்த வளைவுல உன் லோரி கியர் மாத்தற சத்தம் கேக்கும். அதுக்கப்புறம் இருக்கற நேரந்தான் எனக்குன்னு இருக்கற நேரம். உன்கிட்ட பேசறப்ப எனக்கு வயசே ஏறலன்னு தோணுது. நீ போயிட்டா கதவப் பூட்டணும். வீட்டுக்குப் போயி ஒரு டம்ளர் அரிசி வேக வச்சு, டிவிய பேச விட்டுட்டு, தனியா சாப்புடணும். அதான். போதுமா. கேட்டல்ல, இப்ப நீ பேசு.

எட்ரியன்: ஜெசி போனப்புறம் நான் யார்கிட்டயும் இவ்ளோ பேசுனதில்ல. லோரியில ஒத்தையா ஓட்டறப்ப, நாளைக்கு மலருகிட்ட இதச் சொல்லணும்னு ஒன்னொன்னா சேத்து வச்சுக்கிட்டே போவேன். தாப்பா எறக்கத்துல ஒரு கொரங்கு ஸ்பீட் போர்டு மேல உக்காந்திருந்தா கூட.

மலர்: அதச் சொல்லலையே நீ.

எட்ரியன்: நேத்து பேச்சு வேற எங்கயோ போயிருச்சு.

மலர்: ஃபோன் அடிக்குது உனக்கு.

எட்ரியன்: அடிக்கட்டும். கோஸ் எந்திரிச்சு ஓடவா போவுது. மலரு... ஈப்போவுக்கு அனுப்பவா, வேணாமா?

மலர்: உங்க புள்ள. நீங்கதான் முடிவு...

எட்ரியன்: திரும்பவும் 'நீங்க'. வேணாம். நீ சொல்லு. ஒரே ஒருவாட்டி, நீ வாயத் தொறந்து சொல்லு. அன்னைக்கு யாரும் சொல்லாமப் போனது போதும்.

மலர்: ஊரு பேசும். நான் கோயிலுக்குப் போறவ. நீ சர்ச்சுக்குப் போறவன்.

எட்ரியன்: ரெண்டு அப்பாவும் மேல போயாச்சு. அங்க உக்காந்து ஒன்னா டீ குடிச்சிக்கிட்டு இருப்பாங்க. எங்கம்மா இதுக்கு ஒன்னும் சொல்லாது. டெய்லி கேக்குது, மலரு நல்லாருக்கான்னு. இப்ப சொல்லு.

மலர்: அனுப்பாத. அவள ஈப்போவுக்கு அனுப்பாத. நீயும் நாளைக்கு அஞ்சு மணிக்கு வராம இருந்துறாத. அப்பப் போன மாதிரி சொல்லாம எங்கயும் போயிறாத. எனக்கு இன்னொருவாட்டி அந்தக் காய்ச்சல் வந்தா தாங்காது.

எட்ரியன்: வரேன். நாளைக்கும் வரேன். அதுக்கப்புறமும் வரேன்.

மலர்: மூஞ்சியத் தொடச்சுக்க, புள்ள வருது.

எட்ரியன்: பனி லா.

வனஸ்ஸா: டீச்சர், முடிச்சிட்டேன். எல்லாம் நேத்து வந்த விடைதான்.

மலர்: நாளையில இருந்து ஓவர்டைம் இல்ல கண்ணு. முடிச்சா புத்தகம் எடுத்து வாசி. பப்பா எவ்ளோ நேரம் வேணும்னாலும் உக்காந்திருப்பாரு.

வனஸ்ஸா: கயிறு கட்டறதுக்கா?

மலர்: ஆமா, கயிறு கட்டறதுக்குத்தான். அப்புறம்... நீ ஈப்போவுக்கும் போவ வேணாம். பப்பாகிட்ட நான் சொல்லிட்டேன்.

எட்ரியன்: மலரு, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நேரம் ஆச்சு.

வனஸ்ஸா: ஈப்போவுல என்னா இருக்கு?

மலர்: உங்க பெரியம்மா வீடு. அம்மாவோட அக்கா.

எட்ரியன்: வனஸ்ஸா, லோரியில ஏறு.

வனஸ்ஸா: எனக்கு ஏது பெரியம்மா? அம்மா ஒத்தப் புள்ளதானே. உங்ககிட்டதான் சொல்லியிருக்கேனே டீச்சர்.

மலர்: சொல்லியிருக்க கண்ணு... தெரிஞ்சுதான் போவ வேணாம்னு சொன்னேன்.